கழுவிய ஸ்பாஞ்ச்

1. தீபாவளிச் சுத்தத்தில் அம்மா மீன்தொட்டி ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள்.
2. மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா அதில்தான் இருந்தது, செத்துப்போனது.
3. கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு தண்ணீரில் ஏறி, மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன.

பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்குப் பகல் முழுக்க அந்தத் தொட்டிதான் துணை.

“அழுக்குத்தானே கண்ணு போச்சு? தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதே!” என்றாள் அம்மா.

“அந்த அழுக்குதானுங்கம்மா மீனைக் காப்பாத்துச்சு” என்றேன்.

சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் பாக்டீரியாவைப் பேணுவதே என் வேலை. அங்குள்ள பாக்டீரியா உப்புநீருக்குப் பழகியது; இங்கே உதவாது. புதிதாக வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை, தொட்டித் தண்ணீரில் தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டு, குளோரின் போக வாளியில் வைத்த தண்ணீரை ஊற்றுகிறேன்.

ஒரு மீன் மிச்சம். அது மேலே வந்து வாய் பிளக்கிறது. அப்பா அதையே பார்க்கிறார். அம்மோனியா இறங்கவில்லை.