முப்பத்தொன்றாம் கேள்வியின் படம்

நீலவ்வா ஹொசமனி எந்தப் புத்தகத்தையும் மூன்று மடங்கு வேகத்தில்தான் கேட்பார். காதுக்குழாய் நழுவினால் பக்கத்து மேசைக்குக் கடுகு பொரிகிற சத்தம் மட்டும் கேட்கும். கேட்டுக்கொண்டே கிர்மிட் என்ற காரப்பொரியைத் தின்பார். பிழை வந்தால் மெல்லுவது நின்றுவிடும்.

தார்வாடில் பத்தாம் வகுப்பு வினாவங்கி போடும் பதிப்பகம் ஒன்றில், பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒலிப்புத்தகத்தைச் சரிபார்ப்பது அவர் வேலை. அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அவர் படித்த காலத்தில் படக் கேள்வி வந்தால், வாசித்துக் காட்டுபவர் "அத விட்டுரு தாயி" என்று அடுத்ததற்குத் தாவிவிடுவார். ஒலிப்புத்தகமோ அச்சுக்கு ஆறு மாதம் பிந்தித்தான் வரும். இந்த வருடம் நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் செயற்கை நுண்ணறிவே பார்த்து விவரித்துவிட்டது. மாலை ஐந்துக்குள் நீலவ்வா சரி சொன்னால், அச்சுப் புத்தகமும் ஒலிப்புத்தகமும் ஒரே நாளில் கடைக்குப் போகும்.

முப்பத்தொன்றில் மெல்லுவது நின்றது.

"ராயரே, உங்க மெஷினுக்கு வாய் நீளம். இதயப் படத்துல 'அ' எந்தப் பாகம்னு கேள்வி. அது படத்தச் சொல்றப்பவே, 'அ என்பது இடது கீழறை'ன்னு விடையக் காதுல ஊதுது."

பக்கம் அமைக்கும் வாமன் ராவ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. "விடுங்கக்கா. பாவம், பிள்ளைங்களுக்குச் சுலபமா இருந்துட்டுப் போகட்டும்."

"இதக் கேட்டுப் பழகினா பரீட்சையில முழிக்குங்க. எனக்கும் பாவம்னுதான் பாஸ் போட்டாங்க. அந்த மார்க் சீட்ட யாருகிட்ட நீட்டினாலும் 'ச்சு' கொட்டுறாங்க. இதுங்களுக்கு அது வேண்டாம்."

சொல்லிவிட்டாரே தவிர, மறுபடியும் ஆறு மாதம் ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்தான். வாமன் ராவ் முணுமுணுத்தபடி கணினியில் தட்டினார்: கேள்விப் படமென்றால் உருவத்தைச் சொல், பெயரைச் சொல்லாதே. தேநீர் ஆறுவதற்குள் அத்தனையும் மாறி வந்தன. நீலவ்வா ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தபோது மணி நாலேமுக்கால்.

"அப்ப அனுப்பிடலாமா?"

"இருங்க ராயரே. முப்பத்தொண்ண நானே ஒரு தடவ பரீட்சையா எழுதிப் பாக்கறேன்."

இம்முறை சாதாரண வேகத்தில் வைத்தார். 'படத்தின் வலப்பக்கம், கீழே, மற்றவற்றைவிடச் சுவர் தடித்த அறை. அதில் அ என்ற குறி.'

நீலவ்வா இடக்கையை மூடி, முஷ்டியை இதயம்போல மேசைமேல் வைத்தார். வலக்கைச் சுட்டுவிரல் அதன்மேல் மெல்ல ஊர்ந்து, கீழிறங்கி, ஓரிடத்தில் நின்று அழுத்தியது. "படத்துல வலதுன்னா உடம்புக்கு இடது; இடது கீழறை" என்றார். பிறகு அதே விரலால் அனுப்பும் விசையைத் தட்டினார்.