எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து ஸ்டேஜ்

முப்பத்தொரு ஆண்டுகள் ஓடும் பேருந்தில் நடத்துநராக நின்றே பிழைத்தவர் அவர். "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்துக் கொடுத்து, ஓய்வு பெற்ற பின்னும் தெருவாருக்கு 'ரைட்' ஆகவே நிலைத்துவிட்டார். நிற்பதற்கென்றே இறைவன் வார்த்த கால்கள். அமரவோ இடுப்பு இசையவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், இடப்பக்க இடுப்பில் பற்றிய வலி குதிகால் வரை தீயாய் இறங்கும்.

அத்தகையவர் விமானம் ஏறும் வேளை வந்தது. தாயை இழந்த ஒரே மகள், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தனியே வேலை பார்ப்பவள். அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை, நாள் குறித்தாயிற்று. உடனிருக்க வேறு எவருமில்லை.

பயணச்சீட்டைப் பார்த்தார்: புறப்பாடு காலை ஒன்பது, சேர்வது பகல் இரண்டு. ஐந்து மணி நேரம் என்று கணக்கை முடித்தார். நாற்காலிக்கு முன்னே முழங்கால் இடிக்கும்படி ஒரு பெட்டியை நிறுத்தி அமர்ந்து பழகினார். பதினெட்டாம் நாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து மணி நேரத்தை எட்டிவிட்டார்.

மாடியில் குடியிருக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா, விமானம் இறங்கிடுச்சா?"

"இறங்கியாச்சுக்கா. அஞ்சு மணி நேரம், அசையவே இல்ல."

"எட்டாயிரம் கிலோமீட்டர் அஞ்சு மணி நேரத்துலயா? பஸ் கொஞ்சம் வேகமாப் போனாலே டிரைவரைத் திட்டுவியே, இதுக்கு மட்டும் வாயத் திறக்கல?"

மணிக்கு ஆயிரத்து அறுநூறு! அவர் முகம் மாறியது. உடனே மகளை அழைத்தார்.

"அப்பா, ரெண்டு மணிங்கறது இங்க உள்ள நேரம். அப்ப நம்ம வீட்டுல சாயங்காலம் ஆறரை. கிட்டத்தட்ட பத்து மணி நேரம்ப்பா. உங்களால முடியாது. நான் தனியாவே பாத்துக்கறேன்."

"நீ பேசாம இரும்மா. வர்றேன்னா வர்றேன்."

இன்னும் ஆறே நாள். "அஞ்சுக்கே இந்தப் பாடு, பத்துன்னா உன்னை மடிச்சுப் பெட்டியில போட்டுத்தான் அனுப்பணும்" என்றாள் அக்கா.

அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்தார். நெடுந்தடத்தை எந்த நடத்துநரும் ஒரே நீட்டாக எண்ணுவதில்லை. ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கூறு போட்டே டிக்கெட் கிழிப்பார். எட்டாயிரமும் பத்துக் கூறாயிற்று: எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஜ், ஸ்டேஜுக்கு ஒரு மணி. அசையாமல் கிடப்பதென்ற வீம்பை விட்டொழித்தார். ஸ்டேஜ் வந்ததும் எழுந்து நடப்பது, மறுபடி அமர்வது. ஆறு நாளும் அதே பயிற்சி.

விமானத்தில் நடைவழி ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கினார். ஆறு ஸ்டேஜ் ஒழுங்காய்க் கழிந்தன. ஏழாவதில் விமானம் குலுங்க, எவரும் எழக்கூடாதென்று அறிவிப்பு வந்தது. இரண்டு ஸ்டேஜ் தூரம் இடுப்பு எரிய எரிய, கண்ணில் நீர் கோக்க, இறைவன் திருநாமத்தையும் மகள் பெயரையும் மாறி மாறி உச்சரித்தபடி இருந்தார். எட்டாம் கோட்டருகே எழுந்தார்; கால்கள் நின்றன.

மறுநாள் காலை மகளைத் தள்ளுவண்டியில் கிடத்தி, அறுவை அறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"மூணு மணி நேரம் ஆகுமாம்ப்பா. அங்க நாற்காலி இருக்கு."

"நாற்காலிப் பேச்சையே எடுக்காத. நான் இங்கயே நிக்கிறேன், நீ போயிட்டு வா."

அவள் சிரித்துவிட்டாள். அவர் பேருந்துக் கம்பியைத் தட்டுவதுபோல் வண்டியின் விளிம்பை இருமுறை தட்டினார்.

"போலாம், ரைட்!"

தள்ளியவருக்கு மொழி தெரியாது; ஆனாலும் வண்டி நகர்ந்தது.