ஜிமிக்கியின் காதுக்குள் தீபாவளி

குண்டசாலைச் சந்தியில் நிற்கும் திரீவீலர்காரர்களிடம் அழகம்மாவின் வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். நாய் குளிப்பாட்டுகிற அக்கா வீடு என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவள் அவள். கண்டியில் ஒரு மிருகவைத்தியர் வீட்டில் வேலைக்கு நின்றபோது பார்த்துப் பார்த்தே இந்தத் தொழிலைப் பழகிக்கொண்டாள். தம்பி தங்கைகளை எல்லாம் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தனக்கு நாற்பது தாண்டியிருந்தது. உட்கார்ந்து அழுதிருக்கலாம்தான். ஆனால் வாசலில் எப்போதும் ஒரு நாய் ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தது.

பெரிய நாயை யாரும் குளிப்பாட்டிவிடலாம். சின்ன நாயின் தொங்குகிற காதுதான் பரீட்சை. உள்ளே தண்ணீர் போய்த் தங்கினால் நாறும், புண்ணாகும், பாவம் அந்தச் சீவன் தலையைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துப் பைத்தியமாகிவிடும். அதனால் அழகம்மா முதல் வேலையாகப் பஞ்சை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி இரண்டு காதின் வாசலிலும் வைப்பாள். தலையில் தண்ணீர் ஊற்ற மாட்டாள். முகத்தை ஈரத்துணியால்தான் துடைப்பாள். கடைசியில் பஞ்சை எடுத்துவிட்டுக் காது மடலைப் புரட்டி, கண்ணுக்குத் தெரிகிற இடம் வரைக்கும் மெல்ல ஒற்றி எடுத்து, மோந்து பார்ப்பாள். வாடை சரியில்லை என்றால் வைத்தியரிடம் அனுப்பிவிடுவாள். காதுக்குள் குச்சி விட வந்த ஒருவரை அவள் தும்புத்தடியோடு துரத்தியதைப் பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆஸியா உம்மா அக்குறணைக்காரர். நாய்கள் பக்கம் வர மாட்டார். கதை நடக்கிற பக்கம் வராமலும் இருக்க மாட்டார். நடுவே ஒரு மதில் இருந்ததால் இரண்டுக்கும் வசதியாகப் போயிற்று.

இப்படிப்பட்ட அழகம்மாதான் அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் கோட்டை விட்டாள்.

காரணம் தனபாலன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கண்டித் தபால் கந்தோரில் வேலை பார்க்கிற தனிக்கட்டை. அவரிடம் ஜிமிக்கி என்றொரு குட்டி நாய் இருந்தது. பெயருக்கேற்ற காதுகள், நடந்தால் இரண்டு பக்கமும் ஆடும். கிழமைக்கு ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு வருவார், கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், மழையைப் பற்றிக் கதைப்பார், போய்விடுவார். அன்றைக்கு மட்டும் மழையைப் பற்றிக் கதைக்கவில்லை. அழகம்மா ஜிமிக்கியின் முதுகைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பையை நீட்டினார்.

"தீபாவளிக்கு உங்களுக்கும் ஒரு சீலை எடுத்தனான். பிடிக்காட்டி மாத்தலாம், கடையில சொல்லி வைச்சிருக்கிறன். நாளைக்கு வந்து ஒரு கதை கதைக்கவேணும்."

மயில்கழுத்து நிறம். அழகம்மாவுக்கு அதன் பிறகு தரை தெரியவில்லை. ஜிமிக்கியைத் தூக்கி அவர் கையில் கொடுத்ததும் நினைவில்லை. வாசற்கதவுக்கு நன்றி சொன்னதும் நினைவில்லை. அன்றிரவு அந்தச் சேலையை உடுத்திக்கொண்டே தோசை சுட்டாள். மூன்று தோசையும் கருகின. கருகியதும் இனித்தது.

மறுநாள் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே ஒரு திரீவீலர் வந்து நின்றது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓடிய அழகம்மா, தனபாலனின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஜிமிக்கியை மார்போடு அணைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அழகம்மா, இவளுக்குக் காது கேக்கேல்லை. காலமையில இருந்து ஊர் முழுக்க வெடி. வேற வருசம் எண்டால் கட்டிலுக்குக் கீழ ஒளிக்கிறவள், இண்டைக்கு விறாந்தையில ராசாத்தி மாதிரி இருந்து தலையைத் தலையை ஆட்டினாள். எனக்குப் பெருமையெண்டால் பெருமை. பிறகு கூப்பிட்டன், திரும்பேல்லை. கிட்டப் போய்க் கூப்பிட்டன். பிஸ்கட் பையைச் சரசரத்தன். அதுக்கும் திரும்பேல்லை."

"பிஸ்கட்டுக்கும் திரும்பல்லண்டா அது பெரிய வருத்தந்தான்," என்றார் மதிலுக்கு மேலே தலையை நீட்டிய ஆஸியா உம்மா.

அழகம்மா ஜிமிக்கியை மடியில் வாங்கி, வலது காது மடலைப் புரட்டினாள். முடிக்குள்ளே வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நேற்று வைத்த பஞ்சு.

விரல்கள் தாமாகவே பஞ்சை எடுத்து உள்ளங்கைக்குள் மறைத்தன. தெருவில் ஒரு வெடி போட்டார்கள். ஜிமிக்கி துள்ளி அவள் கைக்குள் முகத்தைப் புதைத்தது.

"கேக்குது," என்றார் தனபாலன். "நீங்கள் தொட்ட உடனே கேக்குது. அழகம்மா, உங்கட கை தெய்வக்கை."

சொல்லாமல் விட்டால் அவள் தெய்வம். சொன்னாலோ, புதுச் சேலையைக் கண்டு தொழிலை மறந்தவள். அவர் கதைக்க வந்த கதை வாயிலேயே காய்ந்துபோகும். ஜிமிக்கியையும் வேறு யாரிடமாவது கொண்டு போவார். இன்னொரு காதிலும் பஞ்சு இருக்கிறது. அதையும் இப்படியே எடுத்துவிடலாம். ஆனால் மடியில் கிடந்த ஜிமிக்கி, மூடிக்கிடந்த அந்தக் கைமுட்டியைத்தான் நக்கியது.

அழகம்மா கையை விரித்துக் காட்டினாள்.

"தெய்வமும் இல்ல, ஒன்னும் இல்ல சார். நேத்து வச்ச பஞ்சு. எடுக்க மறந்துட்டேன். இந்தப் பக்கமும் இருக்கு. இத்தன வருசத்துல ஒருநாளும் மறந்ததில்ல."

"நேற்று மட்டும் ஏன் மறந்தனீங்கள்?"

"சேல," என்றாள் அழகம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

தனபாலன் பஞ்சைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறி நிமிர்ந்தால், மனிதர் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் எடுத்த சீலைதான் என்ர நாயின்ர காதை அடைச்சிருக்கு."

"தம்பி, சொல்லவந்த கதைய சொல்லிட்டுச் சிரிங்க. எனக்கு அடுப்புல சோறு," என்றார் ஆஸியா உம்மா.

"இப்ப சொல்லமாட்டன் உம்மா. சொன்னால் மற்றப் பஞ்சையும் மறந்துபோவா. முதல்ல அதை எடுக்கட்டும்."

அழகம்மாவின் விரல் இடது காதுக்குள் போனது. பஞ்சை எடுத்தாள். மடலைப் புரட்டிப் பார்த்தாள், சிவப்பு இல்லை. மோந்து பார்த்தாள், சவர்க்கார வாசம்தான். துணியால் ஒற்றினாள். ஜிமிக்கி தலையை உதறிய உதறலில் இரண்டு காதும் படபடவென்று கன்னத்தில் அடித்துக்கொண்டன.

"ரெண்டும் எடுத்தாச்சு," என்றாள். "சொல்லுங்க."