பாலி மொழியில் ‘வீடு’ என்று சொல்லப் பழகியவர்

ராவாங்கில் எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“தனம் அக்காவோட கூட்டாளிங்களா? நான் அவங்க தம்பி, கெர்லிங்ல இருந்து பேசுறேன். அக்கா காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே உயிர் போயிருக்கு. அவங்க போன்ல அடிக்கடி பேசுன நம்பர் உங்களோடதுதான்.”

அவருக்கு ஒரு தம்பி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தனபாக்கியம் அம்மையார், எங்களுக்குத் தனம் அக்கா, கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. லோரி ஓட்டுநர்கள் அவர் குரலுக்கு அஞ்சுவார்கள். விமல் என்ற சிங்களவரை மணந்ததால் பிறந்த வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லை. செரண்டாவில் இருவர் மட்டுமே வாழ்ந்தார்கள். மின்வேலை பார்த்துவந்த விமல் அண்ணன் மாலையில் குளித்துவிட்டு, சிறிய புத்தர் சிலைக்கு முன் அமர்ந்து பாலி மொழியில் ஓதுவார். அக்கா அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு சொல்லுக்கும் பொருள் கேட்டதில்லை.

அண்ணன் மாரடைப்பில் இறந்த பிறகு அந்த மாலை நேரத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “வீடு சத்தமே இல்லாம கெடக்கு. டிவியப் போட்டா இன்னும் மோசமா இருக்கு,” என்றார். தாமே கற்றுக்கொண்டு, அண்ணனின் நினைவு நாளில் புத்த விகாரையில் ஓதுவது என்று முடிவுசெய்தார்.

“நீங்க வாயத் தொறந்தா எல்லாம் தமிழாப் போவுது லா அண்ணி. நினைவு நாள் அன்னைக்கு பிக்குவே ஓதட்டும்,” என்று நாத்தனார் சிரித்தாராம்.

அதில் உண்மை இருந்தது. பாலியில் ககரம் மட்டுமே நான்கு. வெறுமனே ஒன்று, மூச்சைத் தள்ளி ஒன்று, தொண்டை அதிர ஒன்று, அதிர்வும் மூச்சும் சேர்ந்து ஒன்று. தகரமும் பகரமும் அப்படியே. நமக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துதான்.

“வீடுன்னு சொல்லப் போறேன் வாணி, கைன்னு வருது,” என்று வேலைக்குப் போகும் ரயிலில் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். பாலியில் ‘கர’ என்றால் கை. அதையே தொண்டை அதிர, மூச்சோடு சொன்னால் வீடு.

உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, மூச்சு படுகிறதா என்று பார்த்தபடி செரண்டாவிலிருந்து ராவாங் வரை முணுமுணுத்துக்கொண்டு வருவார். ஒருநாள் எதிரே இருந்த பெண், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். “பைத்தியம்னு நெனச்சிட்டா போல. விடு,” என்று அக்கா சிரித்தார். பிறகு இறங்கும்வரை கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

இன்னொரு நாள் முகம் மலர்ந்து வந்தார். “என் பேர்லயே ரெண்டு மூச்சு இருக்காம். தனத்துல ஒண்ணு, பாக்கியத்துல ஒண்ணு. இத்தன வருஷமா ஒருத்தரும் விட்டதில்ல பாரேன்!”

நினைவு நாள் நெருங்கியபோது என்னை வீட்டுக்கு அழைத்தார். அண்ணன் ஓதுவதை எப்போதோ தம் கைப்பேசியில் பதிவுசெய்திருந்தார். இறந்தபின் அதைக் கேட்கத் துணிவில்லாமல் இருந்தவர், அன்று காலைதான் கேட்டிருக்கிறார்.

“கேளு. அவரும் மூச்சு விடல.”

கேட்டேன். அமைதியான, தட்டையான குரல். மூச்சு வரவேண்டிய இடமெல்லாம் வெறும் எழுத்தாகவே கடந்து போனது. அக்கா விகாரைக்குப் போன் செய்து பிக்குவிடம் விசாரித்திருந்தார். சிங்கள எழுத்தில் அந்த ஒலிகள் உண்டு, பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டன, ஓதும்போதும் பலருக்கு வருவதில்லை என்று அவர் சொன்னாராம்.

“அவர மாதிரி சொல்லணும்னுதான ஆரம்பிச்சேன். இப்ப அவர விட்டுட்டு எங்கயோ வந்துட்டேன்,” என்றார். அவர் அந்தப் பதிவை மறுபடி போட்டார். நான் கிளம்பும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

விகாரையில் நாத்தனார் முன்வரிசையில் இருந்தார். அக்கா ஓதத் தொடங்கினார். ஒவ்வொரு மூச்சும் அதனதன் இடத்தில் விழுந்தது. நடுவில் நின்றுவிட்டார். பிக்கு எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தார். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஓதி முடித்தார். நாத்தனார் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

அண்ணனைப்போல ஓதாதது ஏன் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“அவரு விடாத மூச்சையும் சேத்து நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

அதன்பின் மாலைதோறும் தனியாக ஓதிவந்தார். “இப்ப பரவாயில்லையாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். “சத்தம் இருக்கு. ஆளு இல்ல,” என்றார்.

அக்காவின் இறுதிக் காரியங்களைத் தம்பி முறைப்படி செய்தார். குறை சொல்வதற்கில்லை. அஸ்தியைக் கோல சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் கரைத்துவிட்டு, மழை வருமென்று எல்லாரும் கார்களுக்குத் திரும்பினார்கள். கடல் நீர் ஏறி நின்ற நேரம். தூவிய செவ்வந்திப் பூக்கள் எந்தப் பக்கமும் நகராமல் கரையோரம் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை அப்படி விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. தூறலில் நின்றேன். வெகுநேரம் கழித்து நீர் இறங்கத் தொடங்கியது. பூக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, மீன்பிடிப் படகுகளைக் கடந்து கடல் பக்கம் போயின.

போய் வாருங்கள், அக்கா. கண்ணுக்குத் தெரிந்தவரை நான் கரையில்தான் இருந்தேன்.