புளி மூட்டைகளுக்கு ஒரு விமர்சனம்

எங்கள் ‘எதிர்வெயில்’ வார இதழில் முதல் பக்கமான அரசியல் பக்கம் என்னுடையது. பக்கம் அமைப்பதும் நான்தான். மந்திரி முதல் வார்டு உறுப்பினர் வரை விளாசித் தள்ளியிருக்கிறேன். ஒருவரும் என்னை ஏனென்று கேட்டதில்லை. திண்டுக்கல்லில் பெரிய மனிதர்களின் தூக்கத்தைக் கெடுத்தது கடைசிப் பக்கத்தில் நாடக விமர்சனம் எழுதும் அன்புக்கரசிதான். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

அன்புக்கரசிக்கு நாற்பதை ஒட்டிய வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாரி பார்சல் ஆபீசில் பில் போடுகிற வேலை. கன்னிவாடியில் இருக்கும் அம்மாவுக்கும் அவள் சம்பளம்தான். திருவிழாக் காலம் வந்தால் எந்த ஊரில் நாடகம் என்று சுவரொட்டி பார்த்துப் பஸ் ஏறிவிடுவாள். முன்வரிசையில் மணலில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்ப்பாள். ஆர்மோனியக்காரர் பாட்டை அமுக்கினால் எழுதுவாள். பபூன் மட்டமாகச் சிரிப்புக் காட்டினால் எழுதுவாள். பாதி நாடகத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பொன்னாடை போர்த்தும் பிரமுகரையும் நடிகர் கணக்கில் சேர்த்து, ‘வசனம் நீளம், நடிப்பு சுமார்’ என்று எழுதுவாள். அவளிடம் திட்டு வாங்கிய நடிகர்களே அவள் வந்திருக்கிறாளா என்று திரையை விலக்கிப் பார்ப்பதுண்டு.

நத்தம் ரோட்டில் ஒரு ஊர். மக்கள் வரி போட்டுக் கட்டிய நாடக மேடை ஒன்று அங்கே இருக்கிறது. அந்த ஊர் ஒன்றியக் கவுன்சிலர் நல்லுசாமிக்குப் புளி வியாபாரம். குடோனில் இடம் போதவில்லை, ரெண்டு நாளைக்குத்தான் என்று மேடையில் மூட்டைகளை அடுக்கினார். பிறகு கம்பிக் கதவு வைத்துப் பூட்டும் போட்டார். திருவிழா வந்தது, மூட்டை இறங்கவில்லை. நாடகக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி அதில் ஆடினார்கள். ராஜா வேஷக்காரர் கோபத்தோடு ஒரு அடி பின்னால் வைத்தார். அங்கே டிரெய்லர் இல்லை. விழுந்ததில் கால் சுளுக்கிக்கொண்டது.

நானாக இருந்தால் ‘பொதுச்சொத்து ஆக்கிரமிப்பு’ என்று தலைப்பிட்டு, யாரும் படிக்காத ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். அன்புக்கரசி மூட்டைகளுக்கு விமர்சனம் எழுதினாள்.

“இந்த ஆண்டு மேடையில் நடந்தது மூட்டை நாடகம். நடிகர்கள் அனைவருக்கும் சாக்கு உடை. வசனம் கிடையாது, அதனால் யாரும் வசனத்தை மறக்கவில்லை. ஏறிய மேடையை விட்டு இறங்க மனமில்லாத இத்தனை நடிகர்களை ஒன்றாகப் பார்ப்பது இதுவே முதல் முறை. தயாரிப்பு, இயக்கம்: ஒன்றியக் கவுன்சிலர் நல்லுசாமி. மேடை கட்டக் காசு கொடுத்த மக்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.”

இதழ் வந்த அன்று காலையிலேயே எல்லாக் கடையிலும் தீர்ந்துவிட்டது. எங்கள் ஆசிரியர் இஷாக் பாய் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். அந்த அச்சகத்தில்தான் இதழும் அச்சாகிறது. மனிதர் பூரித்துப்போய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. நல்லுசாமியின் ஆட்கள் கடை கடையாகப் போய்க் கட்டோடு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

மதியம் நல்லுசாமியே அச்சகத்துக்கு வந்து, அன்புக்கரசியை வரச் சொன்னார். கத்தவில்லை. அடுத்த இதழில் அவள் பெயரில் ஒரு மன்னிப்பு வர வேண்டும், அவ்வளவுதான் என்றார். தன்னுடைய புளி முழுக்க அவள் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸ் வழியாகத்தான் வெளியூர் போகிறது என்பதையும் சும்மா ஞாபகப்படுத்தினார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “ஒருத்தர் கைக்கும் பேப்பர் போகலம்மா. அம்புட்டும் எங்கிட்டதான் கெடக்கு” என்றார்.

“அப்ப யாருட்ட மன்னிப்புக் கேக்குறது?” என்றாள் அன்புக்கரசி. “படிச்சது நீங்க ஒருத்தர்தான்னா, மூட்டைய எறக்குங்க. எறக்குனதையும் எழுதுறேன்.”

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. வயிற்றெரிச்சலும் இருந்தது.

மறுநாள் பார்சல் ஆபீஸ் முதலாளி அவளைக் கூப்பிட்டு, மன்னிப்பு எழுதினால் சீட்டில் உட்கார், இல்லையென்றால் வராதே என்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இஷாக் பாய் கல்யாணப் பத்திரிகை மடிக்கும் வேலையைக் கொடுத்தார். அதில் பாதிச் சம்பளம்கூடத் தேறாது. அம்மாவுக்கு இந்த மாதம் என்ன அனுப்புவதென்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். ஒரு வரி எழுதிவிட்டால்தான் என்ன என்று கேட்டேன். மடித்துக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்க பக்கத்துல வேணாப் போடுங்கண்ணே. அங்க போட்டா யாரும் படிக்க மாட்டாக.”

நல்லுசாமி அந்தப் பேப்பரை எரித்திருக்கலாம். காசு போட்டு வாங்கியதை எரிக்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்? கட்டுகளைக் கடை மூலையில் போட்டு வைத்தார். கடையாட்களுக்கு அது வெறும் பழைய பேப்பர். அடுத்த சந்தையன்று அரைக் கிலோ, ஒரு கிலோ என்று புளியை அதில்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

புளி இல்லாமல் குழம்பு ஏது? வீட்டுக்கு வீடு பொட்டலம் பிரிந்தது. தோட்ட வேலைக்குப் போகிற பெருமாயி என்பவர், மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, புளி ஒட்டிய தாளோடு நேரே நல்லுசாமியின் கடைக்குப் போனார்.

“மேடைக்கு நானும் வரி குடுத்துருக்கேன். உங்க நாடகம் எப்ப முடியும்?” என்று கேட்டார்.

பின்னாலேயே மற்ற பெண்களும் அதே கேள்வியோடு வந்தார்கள். புளி வாங்க வந்தவர்கள், வாங்காமல் போனவர்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்த பிறகு மூட்டைகள் இறங்கின. ஊர் மறுபடியும் வரி போட்டு அதே நாடகக் குழுவை அழைத்தது.

அன்புக்கரசி நாடகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பார்சல் ஆபீஸ் முதலாளி அச்சகத்துக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் வேண்டாமாம். மேடையைத் திறந்துவிட்ட கவுன்சிலருக்கு நன்றி என்று ஒரு வரி போட்டால் போதுமாம். திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம், சீட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்று அவள் சொன்னாள். நன்றி நல்ல வார்த்தைதானே, எழுதிவிடுவாள் என்றுதான் இஷாக் பாயும் நானும் நினைத்தோம்.

விமர்சனம் என் மேஜைக்குத்தான் முதலில் வந்தது. ராஜா விந்தி விந்தி நடந்தாலும் பாட்டு விந்தவில்லை என்று எழுதியிருந்தாள். ஆர்மோனியக்காரருக்கு வழக்கமான திட்டு. கடைசிப் பத்தி இது:

“மேடையில் இன்னும் புளி வாசம் அடிக்கிறது. மேடை ஊருடையது. தங்கள் மேடையில் தங்கள் நாடகத்தைப் பார்த்ததற்கு ஊர் மக்கள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. நானும் சொல்லவில்லை.”

என் அரசியல் கட்டுரையைத் தூக்கிக் கடைசிப் பக்கத்தில் போட்டேன். இதை முதல் பக்கத்தில் வைத்தேன். திங்கட்கிழமை காலை அன்புக்கரசி தூக்கோடு அச்சகத்துக்கு வந்து, கல்யாணப் பத்திரிகைகளை மடிக்க உட்கார்ந்தாள்.