தரகோனாவில் நான் நின்ற நாள்

நான் விமானத்தைத் தவறவிடவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மொன்றியலில் எங்களைத் தெரிந்த தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல், நான் ஸ்பெயினில் வாடகை வீட்டிலேயே பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு விமான நிலையத்தில் முழித்துக்கொண்டு நின்றவள் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கின்றன. கதையைக் கட்டியவர் என் கணவர். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவருடைய புளுகு கோடையில் தொடங்கி, பனி கொட்டும் இந்தக் காலம் வரைக்கும் நல்ல சுகத்தோடு உலாவுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை டொலார்ட் முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பி, இனிமேல் பயணம் போனால் பாஸ்போர்ட்டைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடும்படி எனக்குப் புத்தி சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். கணவர் பக்கத்தில் தட்டோடு நின்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலில் வைத்துச் சண்டை பிடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு சோற்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊரில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்புப் படித்தபோது நான் எடுத்த பாடங்களில் ஒன்று கிரேக்க உரோம நாகரிகம். இலங்கையில் அப்படி ஒரு பாடம் இருக்கிறது என்றால் இங்கே பிறந்த பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கணிதமும் உயிரியலும் எடுத்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். செத்துப்போன ராசாக்களைப் பாடமாக்கி என்ன உத்தியோகம் எடுக்கப்போகிறாய் என்று கேட்பார்கள். சண்டையால் பாதையெல்லாம் அடைத்துக் கிடந்த காலம். சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்த எங்கள் கடலுக்கே எங்களை ஆமிக்காரர் விடமாட்டார்கள். நாங்கள் வகுப்பு நடந்த ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து மத்தியதரைக் கடலின் துறைமுகங்களைப் படத்தில் குறித்துக்கொண்டிருந்தோம்.

அங்கேதான் அந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்தேன். பிரதி எடுத்துப் பிரதி எடுத்து மங்கிப்போன தாள். கடற்கரையோரம் உரோமர் கட்டிய ஒரு வட்டரங்கு. சுற்றிவரப் படிகள், நடுவில் மண்தரை, பின்னால் கடல். கடல் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. கீழே 'தரகோனா, ஸ்பெயின்' என்று ரீச்சர் கையால் எழுதியிருந்தார். சிறைப்பட்டவர்களையும் விலங்குகளையும் அங்கே மோதவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது நான் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தில் எனக்கு ஏ வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் கலியாணம் பேசி வந்தது, கனடாவுக்கு வந்துவிட்டேன். புதிதாக யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தும்போது கணவர், "இவ ஏ.எல். மட்டும்தான்" என்பார். என்ன பாடம் படித்தாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது நான் செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டெரியில் சமையற்காரி. தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குஞ்சு குருமன்களுக்கு நாள் முழுக்க நான்தான் சமைக்கிறேன். அது எனக்குப் பிடித்த வேலை. குறை சொல்லவில்லை. ஆனால் அதை முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, மறுபடி அடுப்பை மூட்டுகிறவளுக்கு விடுமுறை என்றால் என்ன என்பதை யாராவது ஒரு தடவை யோசித்துப் பார்த்திருக்கலாம்.

மகள் பள்ளிக்கூடம் முடித்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போக இருந்தாள். அதைச் சாட்டி எங்கேயாவது போவோம் என்று கதை வந்தது. கணவர் லண்டன் என்றார், பாரிஸ் என்றார். இரண்டு இடத்திலும் சொந்தக்காரர். நான் தரகோனா என்றேன். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நானாக ஒரு ஊரின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் போனில் தேடிப் பார்த்தார். நல்ல கடற்கரை இருக்கிறது என்று கண்டதும் சம்மதித்தார். நான் சந்தோஷத்தில் மிதந்தேன். அவர் அடுத்த அறைக்குப் போய்ப் பிரான்சில் துலூஸ் பக்கம் இருக்கிற தன் தமக்கைக்குப் போன் எடுத்ததைக் கவனிக்கவில்லை.

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. கனடாவில் இருந்து ஒருவர் ஐரோப்பாவில் கால் வைத்தால், காரில் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் சொந்தம் எல்லாம் கிளம்பி வரும். வராவிட்டால் குறை, கூப்பிடாவிட்டால் அதைவிடப் பெரிய குறை. வருகிறவர்களுக்குக் கடைச் சாப்பாடு கொடுப்பது மரியாதை இல்லை. ஆகவே கணவர் ஹொட்டலை விட்டுவிட்டு வீடு ஒன்று எடுத்தார். அது வட்டரங்குக்குக் கிட்டவா தூரவா என்று பார்க்கவில்லை, சமைக்கிற குசினி பெரிதா என்றுதான் பார்த்தார். என் சூட்கேசில் வறுத்த மிளகாய்த்தூளும் அரிசிமாவும் இடியப்ப உரலும் போனதில் என் உடுப்பு பாதி மொன்றியலில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்காரி அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு கதவைத் திறந்து "கொசீனா" என்றாள். அந்த நாட்டில் யாரும் மொழிபெயர்க்காமல் எனக்கு விளங்கிய முதல் சொல் அதுதான்.

சனிக்கிழமை சந்தையில் நண்டும் கணவாயும் வாங்கி வந்து கழுவினேன். ஞாயிறன்று துலூஸ்காரர் வருகிறார்கள், முதல் நாளே கொஞ்சம் செய்துவைத்தால் நல்லது என்று கணவர் சொல்லிவிட்டு மகளோடு நகரத்தின் பழைய மதிலைப் பார்க்கப் போனார். நானும் வருகிறேன் என்றேன். வட்டரங்கை நாளைக்கு எல்லோரும் ஒன்றாகப் பார்க்கலாம் என்றார். நான் முகத்தைத் தூக்கியதைக் கண்டிருப்பார் போல. கதவடியில் நின்று, "உமக்குக் குசினி பழக்கம்தானே, கெதியா முடிச்சுப்போடுவீர்" என்று ஆறுதலும் சொன்னார்.

எள்ளுக் காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காய்கிறது? ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்க வெயில் காய்ந்துகொண்டிருக்க, நான் அடுப்படியில் நின்று நண்டுக் குழம்பில் காய்ந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு மச்சாள் குடும்பம் வந்து இறங்கியது. மச்சாள் என்றால் கணவரின் தமக்கை. வாய் பெரிது, மனம் கெட்டதில்லை. நான் காலையிலேயே சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை வட்டரங்கை மத்தியானத்துக்குப் பிறகு சாத்திவிடுவார்கள், முதலில் அதைப் பார்ப்போம் என்று. களைத்து வந்தவர்கள் முதலில் சாப்பிடட்டும் என்றார் கணவர். பிறகு, கடற்கரையில் வைத்துச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, இடியப்பச் சட்டியும் குழம்புச் சட்டியும் துவாயில் சுற்றிக் கடற்கரைக்குப் போயின. தூக்கியது நான்தான் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கடற்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் ரயில் பாதைக்கு மேலே வட்டரங்கின் சுவர் தெரியும். வெயிலில் மஞ்சளாக நின்றது. நான் அதைப் பார்த்தபடி இடியப்பம் பரிமாறினேன். வெள்ளைக்காரக் குடும்பங்கள் எங்களைப் பார்த்தபடி வெள்ளரிக்காய் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும், இப்போது போனால் நேரம் சரியாக இருக்கும் என்றேன். மச்சாள் குடைக்குக் கீழே காலை நீட்டினார்.

"இடிஞ்ச கட்டடம் பாக்கிறதெண்டா ஊருக்கே போயிருக்கலாமே. எங்கட வீட்டுச் சுவரும் உப்பிடித்தான் நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். நானும் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பிறகு வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்கவேண்டும் என்றார்கள். சட்டிகளைக் கொண்டுபோய்க் கழுவி, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு நான் தனியாக ஓடினேன். வாசலில் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே பூனை ஒன்று படிகளில் படுத்திருந்தது. திங்கட்கிழமை முழுநாளும் பூட்டு என்று பலகையில் எழுதியிருந்தது. செவ்வாய் மதியம் எங்களுக்கு விமானம். விடியவே பார்சலோனாவுக்குக் கிளம்ப வேண்டும்.

திங்கள் காலை மச்சாள் குடும்பம் போனது. பின்னேரம் கணவர் தானாகவே, வாரும் உம்முடைய இடத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். மனம் உறுத்தியிருக்க வேண்டும். மேட்டில் கடலைப் பார்த்த ஒரு நீளமான இரும்புக் கம்பி வேலி இருக்கிறது. அதைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று அந்த ஊரார் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கிருந்து குனிந்தால் கீழே வட்டரங்கு முழுதாகத் தெரியும். படிகள், மண்தரை, அதற்குப் பின்னால் கடல். கறுப்பு இல்லை. அப்படி ஒரு நீலத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

என்னையறியாமல் மகளுக்குச் சொல்லத் தொடங்கினேன். மண்தரையில் வெட்டியிருக்கும் அந்தக் குழிகள் வழியாகத்தான் விலங்குகளை மேலே விடுவார்கள், நடுவில் தெரிவது பிற்காலத்துத் தேவாலயத்தின் அத்திவாரம் என்று. மகள் கடலை விட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு உது எப்பிடியம்மா தெரியும்?"

"படிச்சனான்."

"எங்க?"

"ஊரில. ஏ.எல்.இல."

அவள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள், நம்பமுடியாதபோது அவள் சொல்கிற சொல். பிறந்ததிலிருந்து என் கையால் சாப்பிட்ட பிள்ளைக்கு நான் என்ன படித்தவள் என்று தெரியாது. அவள்மேல் கோபம் வரவில்லை. வந்தது வேறு ஆள்மேல். அந்த ஆள் அதற்குள் என்னைக் கம்பியோடு சாய்ந்து வட்டரங்குக்கு முதுகு காட்டியபடி நிற்கச் சொல்லி, ஒரு படம் எடுத்துவிட்டார்.

"எல்லாம் வடிவாத் தெரியுதுதானே. உள்ளுக்குப் போனாலும் இந்தக் கல்லுத்தான். பாத்தாச்சு, வாரும் போவம். பெட்டி அடுக்கவேணும்."

அந்தப் 'பாத்தாச்சு'தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இருபத்தைந்து வருஷம் அந்த ஒரு மங்கிய தாளை மனதுக்குள் மடித்து வைத்திருந்தவளுக்கு, பார்த்தாயிற்று என்று இன்னொருவர் சொல்லி முடித்துவிடுகிறார்.

"நான் நாளைக்கு வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டு அடுத்த நாள் வாறன்."

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு விசரா என்று கேட்டார். தெரியாத நாட்டில் தனிய நின்று என்ன செய்வாய், வேலை என்ன ஆகும், எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவரை உண்மையில் குடைந்த கேள்வி கடைசியில்தான் வந்தது.

"ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"நிண்டவ எண்டு சொல்லுங்கோ."

அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. பெண்சாதி தன்பாட்டில் ஒரு இடத்தில் நின்றாள் என்பதைவிட, பெண்சாதி பாஸ்போர்ட்டை மறக்கிற மடைச்சி என்பது அவருக்கு வாயில் சுலபமாக வந்திருக்கிறது. அன்று பின்னேரம் நான் என் டிக்கெட்டை மாற்றினேன், கார்டெரிக்கு ஒரு நாள் பிந்தி வருவேன் என்று தகவல் அனுப்பினேன். இரண்டுக்கும் சேர்த்து, ஒரு கோழி துப்புரவாக்குகிற நேரம்கூட எடுக்கவில்லை.

செவ்வாய் காலை அவர்களுக்குக் கை காட்டிவிட்டு, வட்டரங்கின் கதவு திறக்கும்போதே போய் நின்றேன். உள்ளே போனபின் மனம் பொங்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் ஒன்றும் பொங்கவில்லை, கோபம்தான் இருந்தது. கோபத்தோடேயே சுற்றினேன். குழிகளுக்குள் எட்டிப் பார்த்தேன். பாறையில் செதுக்கிய படிகளைத் தடவினேன், கல் சூடேறத் தொடங்கியிருந்தது. மண்தரையின் நடுவில் நின்று கடலின் சத்தத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது என்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

படியில் உட்கார்ந்திருந்தபோது மகள் விமான நிலையத்திலிருந்து வீடியோவில் அழைத்தாள். காட்டுங்கோ என்றாள். போனைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள், நான் பரீட்சை எழுதுகிறவள் மாதிரிச் சொன்னேன். பெண்கள் எங்கே இருந்து பார்ப்பார்கள் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி வரிசைகளில், தூரத்தில் என்றேன்.

"அப்ப நீங்கள் இப்ப எங்க இருக்கிறீங்கள்?"

"கீழ, முன்னுக்கு. ஊர்ப் பெரியாக்கள் இருந்த இடத்தில."

அவள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கணவரின் குரல் கேட்டது. வழிக்குச் சாப்பாடு கட்டினது எந்தப் பையில் இருக்கிறது, அம்மாவிடம் கேள் என்று. மகள் என்னிடம் கேட்கவில்லை, நான் சொல்வதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்டும் கட்டேல்லை. கடையில வேண்டிச் சாப்பிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, போனைக் கடலின் பக்கம் திருப்பினேன்.