பின்னால் நின்று பார்க்கச் சொன்னவர்

டாக்டர் தவமணி இறந்த செய்தி, நான் அறுவைக்காகக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. தாதி என் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "டாக்டர், குளுவாங்லேருந்து தவமணி டாக்டரோட மகன் மெசேஜ் போட்டிருக்காரு. அம்மா காலையில தவறிட்டாங்களாம்" என்றார். உள்ளே நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. அழ நேரமில்லை. கையை மறுபடி முதலிலிருந்து கழுவிவிட்டு உள்ளே போனேன்.

இதைப் படிக்கும் பலர் சனிக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து ஊசி பிடித்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜொகூர் மாநிலத்தில் பல ஆண்டுகள் அறுவை நிபுணராக இருந்தவர் அவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் அக்கா. பட்டம் வாங்கிப் பெயரும் எடுத்துவிட்ட மருத்துவர்கள் அதற்குப் பிறகும் பழகிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்கூடாயில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, எங்களை இழுத்துவந்து உட்காரவைப்பார்.

குடல் தைத்துப் பழகக் குடல் வேண்டுமே. பன்றிக் குடல் என்றால் மலாய் நண்பர்களுக்கு ஆகாது, மாட்டுக் குடல் என்றால் எங்களில் சிலருக்கு ஒப்பாது. ஆகவே ஆட்டுக் குடல். அக்காவே சந்தையில் வாங்கி, அலசி, ஐஸ் பெட்டியில் கொண்டுவருவார். கறிக்கடை பாய் ஒருமுறை பொறுக்க முடியாமல், "என்னா டாக்டர், இவ்ளோ குடலா? வீட்ல யாரு திங்கிறாங்க?" என்று கேட்டாராம். "யாரும் திங்கிறதில்ல பாய். பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் உக்காந்து தைச்சிட்டு தூக்கிப் போட்ருவாங்க" என்று இவர் சொல்ல, பாய் கத்தி பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

துளைவழி அறுவையில் புதிய தையல் முறை ஒன்று வந்தபோது, தன்னைவிட மிக இளையவரான டாக்டர் அஸ்லினாவிடம் மாணவியாக உட்கார்ந்தார். "சாலா, டாக்டர்" என்று அஸ்லினா மலாயில் தப்பு சொல்லும்போதெல்லாம் முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுவார். எனக்கானால் அரை மணியில் பொறுமை போய்விட்டது.

ஆனால் அவர் கொண்டுவந்த பழக்கங்களில் எங்களுக்குக் கசந்தது வேறொன்று. ஒருவர் அறுவை செய்யும்போது இன்னொரு நிபுணர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். நோயாளிக்கு ஆபத்து என்றால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் தேநீர் மேசையில் பார்த்ததை அப்படியே சொல்ல வேண்டும். "மூஞ்சிக்கு நேரா சொல்லு. முதுகுக்குப் பின்னாடி பேசுறதா இருந்தா வராத" என்பார். எனக்குச் சுருக்கென்றது. "இருபது வருஷமா அறுக்கிறேன்க்கா. என்னை ஒரு ஆள் வந்து பாக்கணுமா?" என்று சீறினேன். "இருபது வருஷமா உன்னை யாரும் பாக்கலயே, அதான் லா பயமா இருக்கு" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், தன் அறுவையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். பித்தப்பை நீக்கம். சிறு துளைகள் வழியே கருவிகளை விட்டு, திரையைப் பார்த்துச் செய்வது. அக்கா தூக்கத்தில்கூடச் செய்வார் என்று நாங்கள் கேலி பேசுவோம். பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரையில் கருவியின் முனை ஆடியது. முழங்கையை உடம்போடு அழுத்தி அடக்கினார். நின்றது, பிறகு மறுபடி ஆடியது. ரத்தக் குழாயின் அருகே அவர் போனபோது, வாய் திறந்துவிடலாமா என்று ஓரடி முன்னால் வந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

கேண்டீனில் இரண்டு தே தாரிக் வந்தன. "ம், சொல்லு செல்வம்" என்றார். வேறு யாராக இருந்தாலும் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன்.

"அக்கா, கை நடுங்குது."

"காலையில பசியாறல லா."

"அது இல்லக்கா. நீங்க ரொம்ப நாளா சமாளிக்கிறீங்க. நிறுத்திருங்க."

அவர் முகம் இறுகியது. "பேஷண்டுக்கு என்னா ஆச்சு? ஒன்னும் ஆகல இல்ல?"

"இன்னிக்கு ஆகல."

தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். பிறகு வாரக்கணக்கில் என் அழைப்பை எடுக்கவில்லை. நேருக்கு நேர் சொல்லச் சொன்னவரே இப்படி முறுக்கிக்கொண்டால் எப்படி என்று எனக்கும் கோபம். அதைவிட, ஒரு நல்ல மருத்துவரின் வாழ்க்கையையே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேனோ என்ற பயம்.

அடுத்த மாதச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வழக்கம்போல் ஐஸ் பெட்டியோடு வந்தார். எல்லோரும் உட்கார்ந்தபின் சொன்னார்: "நான் இனிமே அறுக்கப் போறதில்ல. செல்வம் என் கையைப் பாத்துட்டு நிறுத்தச் சொன்னான். அவன்மேல எனக்கு இன்னும் கோவம்தான். ஆனா அவன் சொல்லாம இருந்திருந்தா, ஒரு ஆளைக் கொன்னப்புறம்தான் நிறுத்தியிருப்பேன்." அவ்வளவுதான். கையுறைகளை எடுத்து எங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அன்று வீடு திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி அழுதேன்.

அது பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்று பிறகு தெரிந்தது. தானாக நடக்க முடிந்தவரை சனிக்கிழமைகளுக்கு வந்தார். தைக்க முடியாவிட்டாலும், எங்கள் தையலைப் பார்த்து முகம் சுளிக்க அவருக்கு முடிந்தது. முழங்கையை அழுத்திக்கொண்டவருக்குத் தன் கை நடுங்குவது தெரியாமலா இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார். தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாததை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

குளுவாங்கில் காரியம் முடிந்து வெளியே வந்தபோது, திங்கட்கிழமை என் அறுவைக்கு வந்து பின்னால் நிற்க முடியுமா என்று அஸ்லினாவைக் கேட்டேன். ஏதாவது பிரச்சினையா என்றார். ஒன்றுமில்லை என்றேன். எனக்கும் வயதாகிறது. என் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல வேண்டியவன் நானல்ல என்பதைத்தான் அக்கா என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்.